ஆறு மணிக்குள் ஒரு கை

உலகத்து லிஃப்டுகளில் பாதியையாவது ரிப்பேர் பார்த்தவன் என்று பீற்றிக்கொள்ளும் மெக்கானிக், தன் மகளோடு மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். மணி ஐந்து ஐம்பது.

ஞாயிறு காலை மகளைக் கூட்டிப்போகலாம். மாலை ஆறுக்குள் நாலாவது மாடியில் அவள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கோர்ட் உத்தரவு. ஏற்கெனவே இரண்டு ஞாயிறு தாமதமாகிவிட்டது. மூன்றாவதும் ஆனால், பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டதாகப் புகார் போகும், கிரிமினல் வழக்காகும் என்று வக்கீல் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். ஜெயிலை விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையே போய்விடுமே!

கம்பிக் கதவு போட்ட கிழட்டு லிஃப்ட். போன வாரமும் இதுதான் காலை வாரியது. கையோடு கதவுக்குப் புதுக் கொக்கி மாட்டி, "இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று மார்தட்டினார். ஏழு நாள் தாங்கியது. இப்போது அந்தக் கொக்கியேதான் இறுகிக்கொண்டது.

"நீதானே ரிப்பேர்காரர்? பண்ணுப்பா."

"உள்ள மாட்டிக்கிட்டவன் கை வைக்கக் கூடாதும்மா. எங்க தொழில்ல அதான் சட்டம்."

"உனக்கு எங்க போனாலும் சட்டமாப்பா!"

கூட வேலை செய்பவருக்குப் போன் போட்டார். வர ஒரு மணி நேரமாம். பிறகு மெக்கானிக் போட்ட கூச்சலில் ஏழு தெருவும் அதிர்ந்தது. நாலாவது மாடிக் கம்பிக்கு வெளியே, ஒப்படைத்த நேரம் குறிக்கும் கையெழுத்து நோட்டோடு மண்டியிட்டாள் மகளின் அம்மா.

"இந்த வாரமும் லிஃப்ட் கதையா?"

"கதையா? கண்ணு முன்னாடி தொங்குறேன், பாரு!"

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அஞ்சு ஐம்பத்தெட்டு. ஒப்படைங்க."

அவர் லிஃப்டின் சுவிட்சை அணைத்துவிட்டு மகளைத் தோளில் ஏற்றினார். கம்பிகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கை நீண்டது. அம்மா கப்பென்று பிடித்தாள்.

"கை வந்துடுச்சு. மீதிப் பொண்ணு மெதுவா வரட்டும்."

நோட்டில் எழுதினாள்: 'ஐந்து ஐம்பத்தொன்பது. பெற்றுக்கொண்டேன்.' கம்பி வழியே நோட்டு உள்ளே வந்தது. தோளில் மகளைச் சுமந்தபடி அவர் போட்ட கையெழுத்து மண்புழு மாதிரி நெளிந்தது.

மீதிப் பொண்ணு வெளியே வந்தது ஏழு பத்துக்கு. அதுவரை அம்மா கையை விடவில்லை. அதனால் அப்பாவும் தோளை இறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பேசாததை எல்லாம் கம்பிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பேசித் தீர்த்தார்கள். தன் தோள்பட்டை இரண்டும் அன்றைக்கே கழன்று விழுந்துவிட்டதாக மெக்கானிக் இன்றும் சாதிக்கிறார்.

"அடுத்த வாரம் படியேறி வாங்க" என்றாள் அம்மா. "ஆறரை ஆனாலும் பரவால்ல. நோட்டுல ஆறுன்னே போட்டுக்கறேன்."

"வேணாம்ப்பா," என்றாள் மகள். "லிஃப்ட்லயே வருவோம்."