ஆடு எல தின்னு. சத்து.

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு முதல் கைதட்டு போட்டவன் நான்தான்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு அது. (எனக்குப் பிள்ளைகள் கிடையாது. கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொல்லி உள்ளே நுழைந்தவன்.) ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, பாறசாலைக்குப் பக்கத்து ஊர்க்காரி ஜிஷா ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டாள். பென்சிலில், கோணல்மாணலாக நான்கு சொற்கள்:

ஆடு எல தின்னு. சத்து.

கீழே ஜிஷாவின் குறிப்பு: “வைகா சொந்தமா எழுதின முதல் வாக்கியம்!” நான் தட்டினேன். என் பின்னால் நாற்பத்தொரு பேர் தட்டினார்கள். ஆட்டிடம் ஓர் ஏழு வயதுப் பிள்ளை சொல்கிறது: இலையைத் தின்னு, அதில் சத்து இருக்கிறது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன்.

நானும் அதே கேரள எல்லைப் பக்கம், காட்டாக்கடையில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: “மே மாத வெயிலில் நெய்யாறு மெலிந்து...” வேண்டாம். ஆற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தொடக்கம் இரண்டு: “ஜிஷா நல்ல தாய். அவள்...” இதையும் அடிக்கிறேன். இப்படிச் சொன்ன மறுநிமிடம் நீங்கள் அவளைச் சந்தேகப்படுவீர்கள்.

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்வோம்: ஜூன் ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜிஷாவின் கணவன் பிரதீஷ் அமரவிளையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பொறுமைசாலிதான். ஆனால் பொறுமைக்கும் ஒரு தேதி குறித்திருந்தான். “வாசிக்கா, கணக்கு போடுகா, எல்லாம் செரி. சொந்தமா ஒரு வரி எழுதட்டு. ஜூன் ஒண்ணுக்குள்ள எழுதல்லேன்னா ஸ்கூலாக்கும், ஜிஷா.”

வைகா எதையும் பார்த்து அப்படியே எழுதுவாள். நீயாக எழுது என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஜிஷாவோ தன் வேலையை விட்டு, வீட்டையே வகுப்பாக மாற்றியவள். தோசைக்கு அரிசியும் உளுந்தும் அளந்து பின்னம். கிணற்றுக் கயிற்றை இழுத்து மீட்டர். மே மாதப் பாடம் சத்து: எந்த உயிர் எதைத் தின்கிறது, அதில் என்ன சத்து இருக்கிறது. கோழி முடிந்தது, அணில் முடிந்தது. அடுத்தது வேலிக்கு அப்பால் கிருபாபாயின் சினை ஆடு.

சுவரில் இரண்டு விதிகளை ஒட்டியிருந்தாள். கேட்டதை எழுதாதே, பார்த்ததை எழுது. பார்க்கும்போது பேசாதே.

இந்த இரண்டையும் வானளாவப் புகழ்ந்து கட்டுரை எழுதியவனும் நான்தான்.*

* தேடாதீர்கள். இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

3

செவ்வாய்க்கிழமை கிருபாபாயின் கணவர் செல்லசாமி மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கினார். கம்பும் இலையும் வேலியோரம் குவிந்தன. வைகா ஒரு கொத்து இலையோடு ஆட்டை நெருங்கியபோது கிருபாபாய் தடுத்தாள்.

“அது குடுக்கப்பிடாது மக்கா. பச்சை எல தின்னா ஆடு சத்துப்போவும்.”

வைகா வீட்டுக்கு ஓடினாள். “அம்மா, கிருபா மாமி சொல்லது உண்மையா?”

ஜிஷா போனில் இருந்தாள். (குழுவில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள்.) மாமி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நிமிரக்கூட இல்லை.

“நீயே பாத்து எழுது மக்கா.”

இந்த வரியை நான்கு முறை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். எடுத்தால் ஜிஷா தப்பிக்கிறாள், கூடவே நானும் தப்பிக்கிறேன். பழி முழுவதும் ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. அதனால் இருக்கட்டும்.

4

புதன்கிழமை படம் போன கையோடு பிரதீஷ் கூப்பிட்டான். “கடையில எல்லாருக்கும் காட்டினேன் கேட்டியா. எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு. இந்த வருசம் ஸ்கூல் வேண்டாம்.”

ஜிஷா பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். வைகா சிரிக்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் ஜிஷா இல்லை. அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து, சந்தைக்குப் போய்த் திரும்பிய கிருபாபாயின் அலறல் கேட்டது.

“அய்யோ, எனக்க ஆடு சத்துப்போச்சே!”

ஜிஷா கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், வாசல் கேட்டைத் தாண்டினால் மலையாளம். மலையாளத்தில் ‘தின்னு’ என்றால் தின்றது. ‘சத்து’ என்றால் செத்தது. வைகா கேட்டுக்கு வெளியே பார்த்ததைக் கேட்டுக்கு வெளியே உள்ள பேச்சில், தனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ஆடு இலை தின்றது. செத்தது.

ஜிஷா பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“வைகா, நீயா குடுத்த?”

“ம்.”

“ஆடு கிடந்து துடிக்கும்போ என்ன ஏன் கூப்பிடல்ல மக்கா?”

“பாக்கும்போ பேசப்பிடாதுன்னு நீதானே சொன்ன?”

ஆடு நுரை தள்ளி, காலை உதைத்து, அடங்கும்வரை பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு, அழுதுகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

(இந்த இடத்தில் எனக்கு வைகாமேல் நம்பிக்கை போய்விட்டது. இப்படியும் ஒரு பிள்ளை உண்டா? கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். படிக்க எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. இந்தக் கதையில் எனக்குப் பயம் தருவது அதுதான்.)

5

ஜிஷா ஓடிப்போனபோது நோட்டும் கையோடு போயிற்று, வைகாவும் பின்னால் போனாள். முற்றத்தில் கிருபாபாய் கணவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “எலயை தூரக் கொண்டு போடணும்னு சொன்னேன்லா? ரெண்டு உயிராக்கும் போனது!” செல்லசாமி தலையைக் குனிந்து நின்றார். “எனக்க தப்புதான்” என்றார். அவருக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

கிருபாபாயின் கண் நோட்டில் விழுந்தது.

“நான் சந்தைக்குப் போகும்போ பிள்ள நோட்டும் வச்சிட்டு இங்கதான் இருந்துச்சு. எனக்கு தமிழ் எழுத்து தெரியாதுல்லா. என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணு வாசி, ஜிஷா.”

முடிவு அ: ஜிஷா நான்கு சொற்களையும் மாற்றாமல் வாசிக்கிறாள். பிறகு, “ஆடே, எல தின்னு, அதுல சத்து உண்டுன்னு எழுதியிருக்கா அக்கா. பாடமாக்கும்” என்கிறாள். எழுத்தில் ஒரு புள்ளிகூடப் பொய் இல்லை. செல்லசாமி அந்தப் பழியைச் சாகும்வரை சுமக்கிறார்.

முடிவு ஆ: ஜிஷா நான்கு சொற்களையும் மாற்றாமல் வாசிக்கிறாள். விளக்கம் சொல்லவில்லை. கிருபாபாய் அதை மலையாளமாகவே கேட்கிறாள். மெல்லத் திரும்பி வைகாவைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு அந்த வேலி...

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

என்ன நடந்தது என்று ஜிஷா எனக்குப் போனில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள், “நீங்க மொதல்ல எப்பிடி வாசிச்சீங்க அண்ணா?” என் கைதட்டு அந்தப் படத்தின் கீழே இன்னும் கிடக்கிறது. அழிக்கப் போனேன், கை வரவில்லை.

ஆகவே நோட்டை உங்களிடம் தருகிறேன். நீங்கள் ஜிஷாவின் இடத்தில் நில்லுங்கள். எதிரே கிருபாபாய். அவளுக்குப் பின்னால் செல்லசாமி. அவர் காலடியில் ஆடு. பக்கத்தில், உங்கள் சுரிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு வைகா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கும்போது அவள் பேச மாட்டாள். பார்த்ததைப் பிறகு எழுதுவாள்.

வாசியுங்கள்.