தாழ்ப்பாளும் இருநூறு புழுக்களும்

டிரில்லிங் மெஷின் ஏழாவது ஓட்டையில் பாதி இறங்கும்போதே உயிரை விட்டது. அடுத்த நொடி, பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

மருமகள் திரும்பினாள். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மாமனார். ஒரு கையில் பிடுங்கிய பிளக். முகத்தில் கடமை.

முப்பத்தோரு வருஷம் ஜெயில் வார்டராக இருந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். கொஞ்ச நாளாக அந்த ஒன்பது வருஷம் மட்டும் அவர் தலையிலிருந்து அவ்வப்போது காணாமல் போய்விடுகிறது.

"மாமா, கதவைத் திறங்க. நான்தான்."

"எல்லாரும் நான்தான்னுதான் சொல்றானுங்க. ஓட்டை போடுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"சுவத்துல இல்ல மாமா, டப்பால. மண்புழு வளர்க்க. காத்து போக ஓட்டை."

"டப்பாவுக்குள்ள சுரங்கமா? இது புதுசா இருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அடுப்பில் வைத்த பால் ஞாபகமும் வந்தது.

கம்பி வழியாக அடுப்படி பாதி தெரிந்தது. பால் நுரைத்து, விளிம்பு தாண்டி, பொங்கி வழிந்தது. நீலச் சுடர் ஒருமுறை குதித்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் வாடை இங்கேயே எட்டியது. கேஸ்.

போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. புருஷன் வேலையிலிருந்து வரச் சாயங்காலமாகும். இது மூன்றாவது மாடி; கீழே பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, கான்கிரீட் மெஷின் போடும் கூப்பாட்டில் அவள் கூப்பாடு யார் காதில் விழும்? ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் துழாவினாள். தாழ்ப்பாளுக்கு ஒரு முழம் குறைந்தது.

"மாமா, கேஸ் வருது. அந்த சிலிண்டரையாவது மூடுங்க."

"கைதி பேச்சைக் கேட்டு வார்டர் அடுப்படிக்குப் போனா, மறுநாள் வார்டரும் உள்ளதான்."

"வாடை வரலையா உங்களுக்கு?"

வராது. அவர் மூக்கு ஞாபகத்துக்கும் முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தெட்டு. பெற்ற மகன் பேரை மறந்தாலும் மாமனார் ஒன்றை மட்டும் மறக்கமாட்டார். மணி பதினொன்று அடித்தால், அடுப்படி வாசலில் நின்று ஒரு சிகரெட். சட்டைப் பையில் தீப்பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது.

ஆப்பசைத்த குரங்காய் நின்று, கைவசம் இருப்பதைப் பார்த்தாள். ஆறரை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. கிழித்து நனைத்த செய்தித்தாள். ஒரு மக் தண்ணீர். ஸ்க்ரூ டிரைவர், ஆனால் ஸ்க்ரூ எல்லாம் அந்தப் பக்கம். அப்புறம் ஒரு துணிப்பை நிறைய புழு.

புழு விற்றவர் சொன்னது பொறி தட்டியது. 'வெளிச்சம்னா அதுகளுக்கு ஆகாதும்மா. இருட்டைத் தேடி ஓடும்.'

பால்கனியில் வெயில். கதவுக்கடியில் விரல்கடை இடுக்கு. அதற்கப்பால் இருட்டு.

இடுக்கில் தண்ணீரை ஊற்றினாள். பையைக் கதவோரமாகக் கவிழ்த்தாள். செக்கச்செவேலென்ற உருண்டை நெளிந்தது, பிரிந்தது, நீண்டது. ஒன்று உள்ளே நுழைந்தது. நாலு. பத்து. அப்புறம் வரிசையாக.

பத்து ஐம்பத்தேழு. மாமனார் கை சட்டைப் பைக்குப் போனது.

"மாமா," என்றாள் மெதுவாக. "கீழ பாருங்க. தப்பிச்சுப் போறாங்க."

குனிந்தார். கை பையிலிருந்து இறங்கியது.

"அடப்பாவிகளா. மொத்தம் எத்தனை பேரு?"

"இருநூறு."

"இருநூறு பேருக்கு ஒத்த ஆளா டியூட்டி போட்டிருக்கானுங்க பாரு."

துடைப்பமும் முறமுமாக வந்தார். ஒன்று விடாமல் கூட்டி அள்ளினார். பிடித்தவர்களை அடைக்க அறையைத் திறந்துதானே ஆகவேண்டும்? தாழ்ப்பாளில் கை வைத்தவர், கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"நீ சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லு."

நின்றாள். முதுகுக்குப் பின்னால் இரும்பு உரசி விலகியது.

அவர் கைக்கடியில் புகுந்து ஓடினாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களை அகலத் திறந்தாள். ஃபேன் சுவிட்சுக்குப் போன கையைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவர் குத்துக்காலிட்டு, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் விட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை அவள் எடுத்தது அவருக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்று மூன்றில் எண்ணிக்கை நின்றது.

"பதினொண்ணு ஆச்சே. தீப்பெட்டியைப் பாத்தியாம்மா?"

அம்மா. அவள் மறுபடி மருமகளாகிவிட்டாள்.

"தேடிட்டு இருக்கேன் மாமா."

மீதிப் புழுக்களை அவளே அள்ளிவிட்டு, மேலே ஈரத்தாளைப் போர்த்தினாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரோடு கதவின் உள்பக்கம் உட்கார்ந்தாள். முதல் ஸ்க்ரூ துருப்பிடித்துப் பிடிவாதம் பிடித்தது. மாமனார் பக்கத்தில் வந்து குனிந்து உள்ளங்கையை நீட்டினார்.

"இதை எதுக்கும்மா கழட்டுற?"

"டப்பா மூடிக்கு வேணும் மாமா."

"புழுவுக்குத் தாழ்ப்பாளா?"

"புது இடம்னா ஓடப் பாக்குமாம்."

"பாக்கும், பாக்கும்," என்றார் அனுபவஸ்தர். உள்ளங்கையில் சேர்ந்த ஸ்க்ரூக்களைப் பார்த்தார். "நாலு. சரியா இருக்கு."

அவள் எழுந்து வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். குளியலறை, அடுப்படி, இரண்டு படுக்கையறை, வாசல்.

இன்னும் ஐந்து தாழ்ப்பாள்.

"வாங்க மாமா," என்றாள். "கையை மூடாதீங்க."