வாசலில் கட்டிய இலை

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தபோது சிவானுஜா கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவின் உச்சியில் நின்றிருந்தாள். இலங்கையின் நமுனுகுலவில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும்.

"டாலரு கூப்புடுது போல!" அடுத்த நிரையிலிருந்து யாரோ சீண்டினார்கள். அவள் போனைக் காதில் வைத்தாள்.

"புள்ள, நான்தான். சத்தம் போடாத."

ஜனகன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி ஓர் ஏஜெண்ட் அனுப்பிவைத்த அவள் கணவன். லாவோஸில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவனை அடைத்துவைத்து, போனில் ஊரை ஏமாற்றும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். மறுத்தால் அடி. கரண்ட் ஷாக்கும் வைத்தார்கள். அவர்கள் குடியிருந்த லயத்தில் இது அவளுக்கும் ஜனகனின் அக்கா கலாராணிக்கும் மட்டுமே தெரியும்.

"எங்கங்க இருக்கீங்க?"

"மதில் ஏறிக் குதிச்சு ஓடி வந்துட்டேன். மலையில ஒரு வீட்டுக்குள்ள இருக்கேன். ஆனா வெளிய விடமாட்டேங்கிறாங்க."

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த கலாராணி ஓடிவந்து போனில் காதை ஒட்டினாள். "தெரியாத வீட்டுக்குள்ள எதுக்குடா போன?"

"வாசல்ல பச்ச எல கட்டியிருந்துச்சுக்கா, நம்ம தோரணம் மாதிரி. விசேஷ வீடு, ஒரு வாய் சோறு போடுவாங்கன்னு நெனச்சு நுழைஞ்சிட்டேன்."

அது தோரணம் இல்லை என்று பிறகுதான் அவனுக்குச் சொன்னார்கள். அந்த வீட்டுக் குழந்தை எதையோ கண்டு பயந்து, அதன் ஆவி விலகிப் போயிருந்தது. பூசாரி வந்து அதைத் திரும்ப அழைத்து வைத்திருந்தார். வெளியாள் உள்ளே வராதே என்பதற்குத்தான் அந்த இலை.

"நான் வந்து கெடுத்துட்டேனாம். ஆவியத் திரும்பக் கூப்பிடணுமாம். அது முடியிற வரைக்கும் நானும் வெளிய போகக் கூடாதாம். கதவுகிட்ட ஆம்பளைங்க நிக்கிறாங்க."

"எல்லாம் பொய்டா! ஒன்னப் புடிச்சு வச்சுட்டு அவனுங்களுக்குச் சொல்லி அனுப்பிருப்பாங்க. ஓடிரு!" என்றாள் கலாராணி.

"பின்னால ஒரு சின்னக் கதவு இருக்கு. ஓடவா புள்ள? நீ சொல்லு."

சிவானுஜா கலாராணியைப் பார்க்காமல் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது யார் போனு?"

"இந்த வீட்டுப் பொம்பள, மைன்னு பேரு. கொஞ்சம் இங்கிலீஷ் பேசுது."

"காட்டிக் குடுக்கிறவ போனக் குடுப்பாளா? ஓடாதீங்க. அங்கயே இருங்க."

சொல்லி முடிப்பதற்குள் போனில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, பல.

"வந்துட்டானுங்க," என்றான் ஜனகன். பிறகு அவன் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது.

கலாராணி சிவானுஜாவின் கையைக் கிள்ளினாள். "கொன்னுட்டடி என் தம்பிய."

போனில், அந்த வீட்டுக்கு வெளியே ஓர் ஆண் குரல் அதட்டியது. உள்ளேயிருந்து ஒரு பெண் திருப்பி அதட்டினாள். புரியாத மொழி. இங்கே சரிவின் கீழே கங்காணி யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் அங்கே கேட்டுவிடாமலிருக்க சிவானுஜா போனைக் கையால் பொத்தினாள்.

மோட்டார் சத்தம் மறுபடி எழுந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

"போயிட்டானுங்க," என்றான் ஜனகன். "தேடி வந்தவனுங்களும் இவங்க சனந்தான். ஹ்மோங்னு மலைச்சாதி. எலயப் பார்த்துட்டு வாசப்படி தாண்டல. ஆனா ரோட்டுல காவல் இருப்பானுங்களாம்."

"அப்ப எப்படி வருவீங்க?"

மை இங்கிலீஷில் ஏதோ சொல்ல, ஜனகன் தமிழில் சொன்னான். அவர்கள் சீனாவிலிருந்து மலை மலையாக இறங்கி வந்தவர்கள். லாவோஸில் நடந்த சண்டையில் அமெரிக்காவின் பக்கம் நின்று தோற்றதால், துரத்தத் துரத்த ஓடியவர்கள். அவள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில், மீதிப் பேர் பிறகு ஊர் திரும்பியவர்கள். ஆற்றின் அக்கரை தாய்லாந்து. அன்று அவள் குடும்பம் தப்பிய அதே ஆற்றுத்துறையில், பூசை முடிந்ததும், அவள் தம்பி ஜனகனை ஆற்றில் இறக்கிவிடுவான்.

"வள்ளத்துலயா?"

"வள்ளம் சத்தம் கேக்கும். மூங்கிலப் புடிச்சுக்கிட்டு மெதந்து போகணும்."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதேங்க! அவகிட்ட சொல்லுங்க!"

அவன் சொன்னான். மை நிதானமாகப் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"அவங்க அம்மாவுக்கும் தெரியாதாம் புள்ள. அப்படியும் அக்கரைக்குப் போய்ச் சேந்துட்டாங்களாம்."

"அவங்க அப்பா?"

ஜனகன் அதை மையிடம் கேட்கவில்லை.