ஒன்றரை மில்லிமீட்டர்

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஜன்னல் கண்ணாடியில் மோதிச் செத்த ஒரு கதிர்க்குருவியைப் போன மாதம் அவளே அளந்திருந்தாள். இறக்கை அறுபத்திரண்டு மில்லிமீட்டர். பஞ்சடைத்துக் காயவைத்ததை அன்று காலை இழுப்பறையில் வைக்கும்முன் சும்மா இன்னொரு தடவை அளந்தாள். அறுபதரை. மூன்று முறை அளந்தும் ஸ்கேல் மனம் மாறவில்லை.

கதிர்க்குருவியில் பெரியது, சின்னது என்று இரண்டு இனம். நிறம், அலகு, கால் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுதான். பாட்டு வேறு, ஆனால் இங்கே வரும் மாதங்களில் இரண்டும் வாயைத் திறப்பதில்லை. இறக்கை அறுபத்தொன்றைத் தாண்டினால் பெரியது, அபூர்வம். தாண்டாவிட்டால் சின்னது, தடுக்கி விழுந்தால் அதன் மேல்தான் விழவேண்டும். அந்த அறுபத்தொன்றைக் கண்டுபிடித்த புண்ணியவதி இவள்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இழுப்பறையில் காய்ந்து கிடந்த குருவிகளை அளந்து. காய்ந்தால் இறக்கை சுருங்கும் என்று அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

அவள் அண்ணன் காட்டில் வலை கட்டி, குருவிகளை உயிரோடு பிடித்து, அளந்து, காலில் வளையம் மாட்டி விடுகிறவன். அவளுடைய கணக்கை நம்பி நாற்பது பெரிய குருவிகளைப் பதிவு செய்திருந்தான். அந்த நாற்பதைக் காட்டித்தான் காட்டை அழித்துப் போடவிருந்த சாலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் கடைசி விசாரணை. சாட்சி சொல்லப்போகிறவன் அவன்.

மத்தியானம் அவன் வீட்டுக்கே போனாள். நாளைக்குப் போடவேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணா, என் அறுபத்தொண்ணு காஞ்ச குருவிக்கு. உயிரோட இருக்கறதை அளந்தா ஒன்றரை மில்லி கூடத்தான் வரும். நீ பிடிச்ச நாப்பதும் சின்னதுதான்.”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “எல்லாமேவா?”

“ஒண்ணுகூட அறுபத்திரண்டரையைத் தாண்டலை. பாத்துட்டேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

அந்தப் பதில் அத்தனை வேகமாக வந்ததில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கொள்வான் என்றுதான் ஓடி வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உடைக்கிறவள் இவள், வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் அவன்.

“எங்கிட்ட எதுக்குடி சொன்னே?” என்றான். “நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா, நாளைக்கு நான் பொய் சொல்லாமலே காட்டைக் காப்பாத்தியிருப்பேன்.”

அவன் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.