அரவை எண் ஆறு

“புளிக்குதுங்க,” என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னக் காபிக் கோப்பையைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அப்பாடா! ரெண்டு வருஷமா எதைக் கொடுத்தாலும் ‘நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு’. இன்னிக்குத்தான் வாயைத் தொறந்து உண்மையச் சொல்லியிருக்க.”

“உங்க மூஞ்சி சுருங்கிடுமேன்னுதான்.”

“இனிமே சுருங்கறதுக்கு இதுல எங்க இடம் இருக்கு?”

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பார். அந்தப் பிடிவாதத்தை வீட்டு எஸ்பிரஸ்ஸோ மெஷினிலும் காட்டினார். பதினெட்டு கிராம் தூளுக்கு முப்பத்தாறு கிராம் காபி, இருபத்தெட்டு வினாடியில். வேகமாக இறங்கினால் புளிக்கும். தயங்கித் தயங்கி இறங்கினால் கசக்கும். அன்று பத்தொன்பது வினாடியிலேயே இறங்கிவிட்டது. தூள் இன்னும் நைசாக விழட்டும் என்று காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரின் எண் திருகை ஏழிலிருந்து ஆறுக்குத் திருப்பினார்.

“சாயங்காலம் வந்து போட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும் இதைத் தொடாத.”

மதியம் கடை முதலாளி போன் செய்தார். தேய்க்கும் சக்கரத்துக்கு முன்னாலேயே இவர் சரிந்துவிட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆறு வாரம் நான் கிரைண்டரைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்துபோன யாரையும் தொடவிடவில்லை. அவர் வைத்த ஆறு சரியா என்று தெரியாமலே போய்விட்டார். எனக்காவது தெரிய வேண்டும் என்றிருந்தது. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள்.

“என்ன அண்ணி, காட்சிக்கா வச்சிருக்கீங்க? கொட்டை வீணாப் போகுது பாருங்க.”

“தொடாதன்னு சொல்லிட்டுப் போனாரே.”

அதை அவளிடம் ஏற்கெனவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

“சாயங்காலம் வரைக்கும்னுதானே அண்ணன் சொன்னாரு? எத்தனை சாயங்காலம் ஆச்சு?”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறிலேயே அரைத்தேன். எடை போட்டு, தூளைச் சமமாக அழுத்தி, பொத்தானைத் தட்டினேன். அவள் போனில் வினாடி பார்த்தாள். பதினான்கிலேயே முப்பத்தாறு கிராமும் வந்துவிட்டது. வெளிறிய காபி. அன்றைக்குக் குடித்ததைவிடப் புளிப்பு.

“அண்ணன் கணக்குத் தப்பிடுச்சா?”

“இல்லம்மா. கொட்டை பழசாயிடுச்சு. பழசானா வேகமா இறங்கும்னு சொல்வாரு.”

அன்று சாயங்காலம் போட்டிருந்தால் ஆறு சரியாக வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். பத்திரப்படுத்துகிறேன் என்று நான்தான் அதைக் கெடுத்திருந்தேன்.

“நீங்களே திருப்புங்க அண்ணி. நான் தொடல.”

நான்குக்குத் திருப்பினேன். இருபத்தேழு வினாடி. இரண்டு கோப்பையில் பங்கிட்டோம்.

“எப்படியிருக்கு? உண்மையச் சொல்லணும்.”

“வாசனையே இல்ல,” என்றேன். “ஆனா புளிக்கல.”

அவள் அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்தாள்.

இப்போது நானே புதுக்கொட்டை வாங்குகிறேன். ஒரு பொட்டலத்துக்கு ஐந்து சரிவருகிறது, இன்னொன்றுக்கு எட்டு. தினமும் காபி போட்டு, எல்லாம் கழுவித் துடைத்தபின் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கிறேன். இப்போதும் ஆறில்தான் இருக்கிறது.