பன்றிக் காய்ச்சலுக்கு வேறு பெயர்

1

“எங்கட வளவுக்குள்ள அந்தப் பேரச் சொல்லாத ஸுஹைறா. நாங்க என்ன பண்டியா வளக்கிறம்?”

“பண்டிய ஆரும்மா கேட்ட? ராத்தாக்கு மூணு நாளாக் காய்ச்சல், இருமல், தொண்ட நோ, மேலெல்லாம் உளைவு. கிளினிக்கில ஒட்டின நோட்டீசுல இரிக்கிற அவ்வளவும் இரிக்கி. புள்ளத்தாச்சி எண்டாப் பாத்திட்டு இரிக்க வேணாம், உடனே கொண்டு வாங்க எண்டும் எழுதியிரிக்கி.”

“அவ தர்பூசணி திண்டவ. அந்தக் குளிர்ச்சியில வந்த தண்ணிக் குணம்.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். கல்முனையில் எங்கள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு றாஹிலாவும் இளைய மகளும் சத்தமாகக் கதைத்தார்கள். வானொலியை நிறுத்தியது மட்டும் என் பங்கு. ராத்தா என்பது மூத்தவள் றுக்ஸானா. ஏழு மாதக் கர்ப்பிணி, கணவன் கட்டாரில்.

2

[கல்முனைக் கடலில் அன்று காற்று ஒரு… – வெட்டிவிட்டேன். கடலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

[பன்றிக் காய்ச்சல் எனப்படுவது ஒருவகை இன்புளுவென்சா… – இதைத்தான் நோட்டீசும் சொன்னது. நோட்டீசை யார் நம்பினார்கள்?]

3

றாஹிலாவின் பக்கத்தையும் எழுத வேண்டும். அவர் மூடர் அல்லர். வெள்ளிக்கிழமை பாலமுனையிலிருந்து ஸுஹைறாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வருகிறார்கள். பன்றியின் பேரைச் சொன்னால் வாய் கழுவுகிற ஊரில், அந்தப் பேரில் ஒரு காய்ச்சல் வீட்டுக்குள் வந்தால் தெரு என்ன சொல்லும்?*

அதனால் கொத்தமல்லி அவித்தார், ஆவி வேது பிடிக்கவைத்தார், ஓதிய தண்ணீர் கொடுத்தார். நோய்க்கும் சளித் தடிமன், கண்ணூறு, கடற்காற்று என்று நாளுக்கொரு பெயர் வைத்தார். றுக்ஸானாவின் இருமல் மட்டும் எந்தப் பெயருக்கும் அடங்கவில்லை.

* ‘தெரு’ என்பது மரியாதைக்கு எழுதியது. எங்கள் தெருவில் அப்படிக் கதை பரப்பக்கூடியவர்கள் இரண்டே பேர். மற்றவர் இப்போது சவூதியில் இருக்கிறார்.

4

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா கைருன்னிஸா வேனில் வந்து இறங்கினார். வட்டிலப்பத்தில் கரண்டி இறங்கும்போது பின்அறையில் இருமல்.

“அது ஆரு?”

“மூத்தவ. மசக்கை.”

“ஏழு மாசத்திலயா மசக்கை?”

கைருன்னிஸா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். றுக்ஸானாவால் ஸலாம் சொல்லி முடிக்க முடியவில்லை; இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினாள்.

“றாஹிலா, இது பண்டிக் காய்ச்சல் போல இரிக்கி. மூச்சு முட்டுது, பாக்கிறல்லியா? போன மாசம் என்ட மகன் றாஸிக்குக்கும் இதுதான்.”

“நீங்க டெங்கு எண்டெல்லோ சொன்ன…”

“பொறகு? உங்களுக்கிட்ட எந்த வாயால சொல்ற? டெங்கு மானமான வருத்தம். கதைய விட்டுட்டு புள்ளையத் தூக்குங்க.”

(முதல் வரைவில் கைருன்னிஸாவைச் சண்டைக்காரியாக்கிச் சம்பந்தத்தை முறித்திருந்தேன். கதைக்கு அதுதான் ருசி. ஆனால் அவர் வந்த வேன்தான் றுக்ஸானாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வாசலில் நின்று பார்த்தவள் நான், எப்படி மாற்றுவது?)

5

ஒன்பது நாள் வாட்டில் இருந்தாள். பரிசோதனையில் வந்த பெயர், வீட்டில் சொல்லக் கூடாத அதே பெயர். டொக்டர் றாஹிலாவைக் கூப்பிட்டு, “இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்…” என்றார். இந்த வாக்கியத்தை முடிக்கப் பலதரம் உட்கார்ந்தேன். அரைகுறையாகவே கிடக்கட்டும்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஸுஹைறாவை றாஸிக் கல்யாணம் முடித்தான். ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்தான்.

ஆஸ்பத்திரியால் வந்த றுக்ஸானாவிடம் ஒருநாள் கேட்டேன்: “அவ்வளவு முட்டினதே, நீயே வாய் திறந்து சொல்லியிருக்கலாமே புள்ள?”

“உம்மா சொன்னா, மெதுவா இருமு, உங்களுக்குக் கேட்டிரும் எண்டு.”

பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்ததும் அவள் சம்மாந்துறையில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள். ஏன் போனாள் என்பதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நானே வந்து நிற்கிறேன். நாலாவதை நீங்கள் எழுதுங்கள்.