பேரிக்காய்க் கூழ்

இத்தாலியில், ஃபெராரா நகரத்துக்கு வெளியே, பேரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த குழந்தை உணவுத் தொழிற்சாலையில் ஓர்னெல்லா வேலைக்குச் சேர்ந்தபோது இரவு பகலாக இயந்திரம் ஓடியது. பிறகு இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். கொஞ்ச வருஷத்தில் பகலிலேயே பாதி நாள் சும்மா கிடந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மேற்பார்வையாளர் ஜில்பெர்த்தோ எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்.

“யாரையும் வீட்டுக்கு அனுப்பல, பயப்படாதீங்க. அதே கொப்பரை, அதே நீராவிதான். இனிமே விழுங்க முடியாத வயசானவங்களுக்குக் கூழ் போடப் போறோம். பொறக்கறதுக்கு ஆளில்ல, நான் என்ன பண்ணட்டும்?”

“பல்லு முளைக்காதவங்களுக்குப் போட்டோம், இனிமே பல்லு விழுந்தவங்களுக்கு. கூலி ஒண்ணுதான்டீ,” என்றாள் பக்கத்தில் நின்ற நீவெஸ். அறையே சிரித்தது. ஓர்னெல்லாவும் சிரித்து வைத்தாள்.

அவள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் பேரிக்காய்க் கூழ் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஊழியர் விலையில் வாங்குவாள். கெடு முடியப்போகிறதென்றால் தானே தின்றுவிட்டுப் புதிது வைப்பாள். மகள் சபீனாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். மிலானில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை. ஒப்பந்தம் முடியும், நீட்டுவார்கள், மறுபடி முடியும். “வேலை நிலைக்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்பாள். பேரிக்காய் லாரி ஓட்டிய கணவர் வால்தெர், “பேரன் வர்றதுக்குள்ள நீ கடையே போட்டுடுவ” என்று கேலி செய்வார்.

குளிர் தொடங்கியதும் வால்தெருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் விழுங்கும் சக்தி போய்விட்டது. தண்ணீர்கூடப் புரையேறியது. எதையும் கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஓர்னெல்லா தொழிற்சாலையில் தன் கையால் மூடி ஒட்டிய புதுக் கூழ்க் கிண்ணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கோழி, பூசணி, மீன் என்று பெயர்தான் வேறு. ஒரு வாய் வைத்ததும் வால்தெர் உதட்டைப் பூட்டிக்கொண்டார்.

“நாய்ச்... சோறு,” என்றார், குழறலாக.

“கொஞ்சம் தின்னுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாரத்துக்கு வாரம் சட்டை தொளதொளத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபீனா வந்தாள். தட்டு எடுக்க அலமாரியைத் திறந்தவள் அப்படியே குனிந்தபடி நின்றாள். பாட்டில்களின் மேல் வரிசையாகக் குழந்தை முகங்கள்.

“இதெல்லாம் யாருக்கும்மா?”

“அப்பாவுக்குத்தான். வேற யாருக்கு?” என்றாள் ஓர்னெல்லா, அடுப்பைப் பார்த்தபடி.

 சபீனா ஒரு பாட்டிலைத் திறந்து, அப்பா அருகில் உட்கார்ந்து, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். “அப்பா, பேரிக்காய். நீங்க லாரியில கொண்டுபோனதுதான்.” வால்தெர் மகளின் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பாட்டில் காலியாகும்வரை சாப்பிட்டார். அவர் தாடையைத் துணியால் துடைத்துவிட்டுச் சபீனா சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, குழந்தை ஆசையை நாங்க விட்டுட்டோம். டாக்டர் போன வருஷமே சொல்லிட்டார், காலம் கடந்துடுச்சுன்னு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ஓர்னெல்லா ஈரக்கையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “நான் கேட்டுக் கேட்டு உன்னை நோகடிச்சிருக்கேன் கண்ணு,” என்றாள். அடுப்பில் வெந்துகொண்டிருந்த பாஸ்தா குழைந்துபோனது.

அதற்குப் பிறகு வால்தெர் பேரிக்காய் மட்டும் சாப்பிட்டார். கீழ்த்தட்டு மெல்லக் காலியானது. கடைகளிலும் அந்தப் பாட்டில் கிடைக்காமல் போன மாதத்தில், சளி நெஞ்சில் இறங்கி, ஒரு விடியற்காலையில் இறந்துபோனார்.

புதுக் கிண்ணங்கள் நன்றாக விற்றன. வசந்தத்தில் தொழிற்சாலை மறுபடி இரவிலும் ஓடத் தொடங்கியது. ஜில்பெர்த்தோ ஆள் கிடைக்காமல் அலைந்தார். ஓர்னெல்லா கேட்டு இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டாள். வீட்டில் தூக்கம் வரவில்லை.

கோடையில் ஒரு நாள் சபீனா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“வேலையில என்னை நிரந்தரமாக்கிட்டாங்கம்மா.”

“அப்படியா? நல்லது கண்ணு. ரொம்ப நல்லது.”

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “சாப்பிட்டியாம்மா?” என்றாள் சபீனா.

“இனிமேதான்.”